பேச்சும் மூச்சும்: உளச்சிகிச்சைக்குள் உடல் மீண்டு வந்த வரலாறு

கொச்சி நகரின் ஓரத்தில் காயல் சூழ்ந்த ஊர் கும்பளங்கி. 2019இல் வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ அவ்வூரின் பெயரைக் கேரளத்துக்கு வெளியேயும் கொண்டு சென்றது. மது சி. நாராயணன் இயக்கி, சியாம் புஷ்கரன் எழுதிய அப்படத்தில் சஜி என்னும் அண்ணன் ஒருவன் வருகிறான். துணி தேய்க்கும் தொழில் செய்யும் முருகன் என்னும் தமிழர் அவனுடைய நண்பர். தற்கொலைக்கு முயன்ற சஜியைக் காப்பாற்றப் போய் முருகன் இறந்துவிடுகிறார். அதன்பின், தன்னை மருத்துவரிடம் அழைத்துப் போக முடியுமா என்று சஜி தன் தம்பியிடம் கேட்கிறான். மருத்துவரின் அறையில் நிகழும் காட்சியில் நம் நினைவில் நிற்பது மருத்துவர் சொன்ன அறிவுரை அன்று. அவர்மேல் சாய்ந்து சஜி அழும் அழுகைதான்.

அந்த அழுகை சிகிச்சையின் பகுதியா, அல்லது சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய கட்டமா? ‘பேச்சுவழிச் சிகிச்சை’ என்று நாம் வழங்கும் முறையில் உடலுக்கு என்ன இடம்? இன்று உளவியல் துறைகளில் மூச்சுப் பயிற்சி, தியானம், யோகம், உடலுணர்வைக் கவனித்தல் ஆகியவற்றை உரையாடல் சிகிச்சையோடு இணைப்பது பரவலாகிவிட்டது. இந்த இணைப்பின் வரலாறு வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்று, 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய புதுமை என்பது. மற்றொன்று, நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர், மேற்கு அதை எடுத்துக்கொண்டது என்பது. இரண்டும் ஒரே பிழையான அனுமானத்தில் நிற்கின்றன: மேற்கத்தியர் மனத்தால் துன்புறுவர், பேசித் தீர்ப்பர், கீழைத்தேயத்தவர் உடலால் துன்புறுவர், அவர்களுக்கு உடற்பயிற்சியே பொருந்தும். இந்த அனுமானம் எங்கிருந்து வந்தது, கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் நாகப்பட்டினத்திலும் கிடைத்த சான்றுகள் அதை எவ்வாறு குலைக்கின்றன என்பதே இப்பதிவின் பொருள்.

1. ஐரோப்பாவில் உடல் வெளியேறிய கதை

பேச்சுவழிச் சிகிச்சை தொடக்கத்திலேயே வெறும் பேச்சாக இருந்ததில்லை. ‘பேச்சுச் சிகிச்சை’ என்னும் தொடரை ஆக்கியவர் ஒரு நோயாளர்; ‘அன்னா ஓ.’ என்ற புனைபெயரால் அறியப்பட்ட பெர்த்தா பப்பன்ஹைம். 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் யோசஃப் பிராயரிடம் சிகிச்சை பெற்ற அவருடைய துன்பங்கள் கை மரத்துப்போதல், பார்வைக் கோளாறு, இருமல், நீர் அருந்த இயலாமை என உடல்வழியே வெளிப்பட்டன. பிராயரும் ஃபிராய்டும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகளில், ஃபிராய்டு நோயாளரின் நெற்றியில் கையை அழுத்தி நினைவைத் தூண்டிய முறை பதிவாகியுள்ளது. பின்னர் அவர் அம்முறையைக் கைவிட்டார். நோயாளர் சாய்வு இருக்கையில் படுத்திருப்பார், மருத்துவர் அவர் கண்ணில் படாமல் பின்னால் அமர்வார், இடையே சொற்கள் மட்டும் இருக்கும் என்ற ஏற்பாடு உருவானது.

உடலை மீண்டும் கொண்டுவர முயன்றவருள் முதன்மையானவர் வில்ஹெல்ம் ரைக். தசை இறுக்கத்தில் மனத்தின் தற்காப்பு உறைந்திருக்கிறது என்றார் அவர். 1934இல் அனைத்துலக உளப்பகுப்பாய்வுச் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். அதற்கு அரசியல் காரணங்களும் இருந்தன. ஆயினும் உடலைத் தொடும் சிகிச்சை ஐயத்துக்குரியது என்ற எல்லைக்கோடு அக்காலத்தில் உறுதிப்பட்டது. ஆகவே ஐரோப்பிய மரபு இயல்பிலேயே உடலற்றது எனக் கூறுவது பொருந்தாது. அது ஒரு காலகட்டத்தில், ஒரு தொழில் தன்னை வரையறுத்துக்கொண்டபோது, உடலை வெளியே நிறுத்தியது.

2. ஒரு சொல்லின் பயணம்

‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற சொல்லின் வரலாறு மொழியியல் மாணவர்க்குச் சுவையானது. பாலி மொழியின் ‘சதி’, வடமொழியின் ‘ஸ்மிருதி’யோடு உறவுடையது, அதன் அடிப்பொருள் நினைவு. இலங்கையில் குடியியல் அதிகாரியாகப் பணியாற்றிப் பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியிட்ட பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில் எண்வழி மார்க்கத்தின் ‘சம்மா சதி’க்கு இந்த ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார். 1954இல் கொழும்பில் வெளிவந்த ஞானபோனிக தேரரின் நூல் சதிப் பயிற்சியை ஆங்கில வாசகர்க்கு விளக்கிற்று. அவர் ஜெர்மனியில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த துறவி. மாண்டலேயில் பிறந்த சத்திய நாராயண கோயங்கா, பர்மாவில் ஊ பா கின்னிடம் கற்ற விபாசனைப் பயிற்சியை 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கு எழும் உணர்வை எதிர்வினையின்றிக் காண்பது அப்பயிற்சியின் உயிர்நிலை. 1979இல் ஜான் கபாட் சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வார மன அழுத்தக் குறைப்புத் திட்டத்திலும் உடலைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் பயிற்சி மையமாக உள்ளது.

உரையாடல் சிகிச்சையோடு முறையான இணைப்பு அதன்பின்தான் வந்தது. சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவரும் அறிதிறன் சிகிச்சையோடு இப்பயிற்சியை இணைத்து, மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுக்கும் முறையை உருவாக்கினர். 2000இல் வெளியான அவர்களின் ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வுற்றவர்களுக்கே அது பயன் தந்தது.

இச்சொல் இப்போது தமிழுக்குத் திரும்பும்போது ‘மனமுழுமை’, ‘விழிப்புணர்வு’, ‘முழுக்கவனம்’ என்று பல வடிவம் கொள்கிறது. பௌத்தம் பற்றிய தமிழ் நூல்களில் ‘சம்மா சதி’க்கு ‘நற்கடைப்பிடி’ என்ற சொல் முன்னரே உண்டு. பழைய உரையாசிரியர்கள் ‘கடைப்பிடி’ என்பதற்கு மறவாமை என்று பொருள் கொண்டனர். ‘சதி’யின் நினைவுப் பொருளை இந்தத் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிட நெருக்கமாகத் தாங்கி நிற்கிறது.

இங்கே ஒரு சிகிச்சைச் சிக்கலும் வெளிப்படுகிறது. பேரிடரிலோ போரிலோ சிக்கியவரின் துன்பமே மறக்க முடியாமைதான். அவரிடம் கண்ணை மூடி, மூச்சைக் கவனி, எழுவதை எழுந்தவாறே காண் என்று சொன்னால், எழுவது அலையாகவோ குண்டோசையாகவோ இருக்கக்கூடும். கோயங்கா மரபின் பத்து நாள் பயிற்சியில் பெரும்பகுதி மௌனத்தில் கழிகிறது. ஆசிரியரிடம் ஐயம் கேட்பது அதற்கு விலக்கு. துறவுநெறிக்கு அந்த மௌனம் பொருந்தலாம். காயமுற்றவருக்கு மறவாமையோடு ஒரு செவியும் தேவை.

3. ‘இவர்கள் பேச மாட்டார்கள்’

இந்திய உளமருத்துவத்தில் நெடுங்காலம் நிலவிய கருத்து ஒன்றுண்டு: நம் நோயாளர் மனத்துன்பத்தை உடல்நோவாகவே சொல்வர், அகநோக்கு அவர்களுக்குக் குறைவு, ஆகவே மேற்கத்திய உரையாடல் சிகிச்சை இங்கே செல்லாது. இதற்கு எதிர்வினையாகச் சில முன்னோடி முயற்சிகள் நிகழ்ந்தன. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் என். எஸ். வாகியா, 1960களில் பதஞ்சலியின் கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு ஓர் உளவியல்–உடலியல் சிகிச்சையை வகுத்தார். ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம் என்னும் ஐந்து படிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அது 1966இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் கட்டுரையாக வந்தது. கபாட் சின்னின் திட்டத்துக்குப் 13 ஆண்டுகள் முந்தையது இது. ஜஸ்வந்த் சிங் நேக்கி வேறு வழியில் சென்றார். 1973இல் எழுதிய கட்டுரையில் குரு–சீடர் உறவைச் சிகிச்சை உறவுக்கு மாதிரியாகக் கொள்ள இயலுமா என ஆராய்ந்தார். முன்னவர் பயிற்சியை எடுத்தார். பின்னவர் உறவை எடுத்தார். இவ்விரண்டும் ஒரே சிகிச்சையாக ஒன்றுசேரவேண்டும் என்பதே நம் காலத்தின் கேள்வி.

‘இவர்கள் உடலாலேயே பேசுவர்’ என்ற கருத்தைக் களத்தில் சோதித்தவர் மானுடவியலாளர் மர்ஃபி ஹாலிபர்ட்டன். ஆயுர்வேத மனநோய் மருத்துவமனை, நவீன மருத்துவமனை, கோயில், தேவாலயம், தர்கா எனக் கேரளத்தில் மக்கள் நாடும் பல இடங்களில் அவர் நோயாளரைச் சந்தித்தார். கொச்சியை அடுத்த சோற்றானிக்கரை பகவதி கோயிலும் அவர் ஆய்வுப் பரப்பில் அடங்கும். அங்கே பெண்கள் தலைவிரித்துத் துள்ளி ஆடுவதைப் பார்ப்பவர், இது உடலின் மொழி என்று உடனே முடிவு கட்டிவிடுவார். ஹாலிபர்ட்டன் கேட்ட பேச்சு அவ்வளவு எளிதாக இல்லை. மக்கள் உடலைப் பற்றிப் பேசியதோடு ‘மனசு’, ‘போதம்’ என்பவற்றை நுட்பமாக வேறுபடுத்தியும் பேசினர். மேற்கில் மனம், கிழக்கில் உடல் என்ற எதிர்நிலையை அவருடைய 2002ஆம் ஆண்டுக் கட்டுரை கேள்விக்குள்ளாக்கியது. 2009இல் வெளிவந்த அவருடைய நூல் இன்னொன்றையும் சுட்டியது: சிகிச்சை குணப்படுத்துகிறதா என்பதோடு, அதற்கு உட்படும் அனுபவம் இனிதா கொடிதா என்பதையும் நோயாளர் எடைபோடுகின்றனர்.

தமிழிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ‘வயிறு எரிகிறது’ என்று ஒரு தாய் அண்டை வீட்டாரிடம் சொன்னால் அது ஆற்றாமை. மருத்துவரிடம் சொன்னால் அமிலச்சுரப்பு. ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘குலை நடுங்குகிறது’, ‘மனசு பாரமாக இருக்கிறது’ ஆகியவையும் இத்தகையவையே. இவற்றைக் கூறுபவர் பேசத் தெரியாதவர் அல்லர். உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே குறிக்கும் தொடரைத் தேர்ந்து பேசுகிறார். கேட்பவர்தான் பாதியை மட்டும் கேட்கிறார். தொல்காப்பியம் உணர்ச்சி வெளிப்பாட்டை ‘மெய்ப்பாடு’ என்று பெயரிட்டு வகைப்படுத்தியது கவிதையியலுக்காக. அதை உளவியல் நூலாக்க வேண்டியதில்லை. ஆயினும் உணர்ச்சி உடலில் தோன்றுவதைப் பொருளுடைய வெளிப்பாடாக வாசிக்கும் பழக்கம் இம்மொழியில் நெடுங்காலமாக உண்டு என்பதற்கு அது சான்று.

4. யாழ்ப்பாணம்

போர்க்காலத்தில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த நூலில் போர் தமிழர் உள்ளத்தில் விட்ட தடத்தை ஆவணப்படுத்தினார். அவருடைய சிகிச்சை அணுகுமுறையில் உளவளத்துணையும் மரபுவழித் தளர்வுப் பயிற்சிகளும் அருகருகே இடம்பெற்றன. பயிற்சியை நோயாளரின் நம்பிக்கையோடு பொருத்தினார்: இந்துக்களுக்கு மந்திர செபம், கத்தோலிக்கர்க்குச் செபமாலை, இசுலாமியர்க்குத் திக்ர், பௌத்தர்க்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. மூச்சும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சொல்லும் இவை எல்லாவற்றுக்கும் பொது. பேச்சையும் மூச்சையும் எதிரெதிராக நிறுத்தும் நம் வகைப்பாடு இங்கே நெகிழ்ந்துவிடுகிறது, செபம் இரண்டுமே.

ஈழத்தமிழ் இக்காலத்தில் துறைசார் சொற்களையும் வளர்த்தது. ‘கவுன்சலிங்’ என்பதற்குத் தமிழகம் ‘ஆலோசனை’ என்றபோது, ஈழம் ‘உளவளத்துணை’ என்றது. ஆலோசனையில் ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார். துணையில் இருவரும் உடனிருப்பர். ‘ட்ராமா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காயம் என்று பொருள்; ஈழம் தெரிந்துகொண்டது ‘மனவடு’. புண்ணுக்கும் வடுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறள் படித்த யாரும் அறிவர். வடு என்பது உடல் வைத்திருக்கும் நினைவு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களில், இலங்கையின் வடகிழக்கு முகாம் ஒன்றில் ஓர் ஆய்வு நடந்தது. போரையும் அலையையும் கண்ட 31 சிறுவர் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு தம் வாழ்க்கையை வரிசையாக எடுத்துரைக்கும் சிகிச்சையைப் பெற்றது. மற்றொன்று தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர்கள். ஆறு மாதத்துக்குப் பின் மீண்டவர் விகிதம் முதல் குழுவில் 81%, இரண்டாவதில் 71%. இவ்வளவு சிறிய குழுக்களில் இது ஓரிரு குழந்தைகளின் வேறுபாடு. 2009இல் வெளியான இம்முடிவைப் பேச்சின் வெற்றியாகவோ உடலின் வெற்றியாகவோ கொள்ள வழியில்லை. இரு குழுவினர்க்கும் பொதுவாக இருந்தது, அவர்கள் மொழி அறிந்த ஒருவர் ஆறு முறை தொடர்ந்து வந்து உடனமர்ந்தது.

5. நாகப்பட்டினம்

அதே அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அங்குள்ள முகாம்களில், மூச்சுப் பயிற்சியையும் உரையாடல் சிகிச்சையையும் நேரடியாக இணைத்துச் சோதித்த ஆய்வு நடந்தது. 183 பேர் மூன்று குழுக்களாயினர். முதல் குழுவுக்கு யோக மூச்சுப் பயிற்சி மட்டும்; இரண்டாவதற்கு அப்பயிற்சிக்குப் பின் 3 முதல் 8 மணி நேரம், நடந்ததை மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கும் சிகிச்சை; மூன்றாவது காத்திருப்போர் குழு. ஆறு வாரத்தில் மனவடு அளவுகோலின் சராசரி முதல் குழுவில் 42.5 புள்ளியும், இரண்டாவதில் 39.2 புள்ளியும், மூன்றாவதில் 4.6 புள்ளியும் குறைந்தது. 2010இல் வெளியான இம்முடிவு, மூச்சுப் பயிற்சியே போதும், பேச்சு எதையும் கூட்டவில்லை என்று மேற்கோள் காட்டப்படுவதுண்டு.

அந்த வாசிப்பு அவசரமானது. அவ்வளவுகோலில் 17 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எனவே துன்பமே இல்லாதவரும் 17 புள்ளி பெறுவார். சராசரியாக 42.5 குறைய வேண்டுமானால் தொடக்கச் சராசரி 59.5க்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். முடிவில் அது தரையை நெருங்கியிருக்கும். தரையை நெருங்கிய அளவுகோலில் பேச்சு இன்னும் எதைக் குறைத்துக் காட்ட முடியும்? மேலும், தனி நபர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல், முகாம் முகாமாகவே குழுக்கள் அமைந்தன. ஒரு முகாமின் இழப்பும் உறவுகளும் இன்னொன்றின் இழப்பும் உறவுகளும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 17 வினாக்கள் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் அறிகுறிகளிலிருந்து பிறந்தவை. உறக்கமும் திடுக்கிடலும் அவற்றில் உண்டு. பிள்ளையைப் பிடித்திருந்த கை நழுவியதைப் பற்றி ஒரு தாய் யாரிடமும் சொல்லாதிருப்பதற்கு அவற்றில் வினா இல்லை. மூச்சு உறக்கத்தை மீட்கும். சொல்லாதிருப்பதைச் சொல்ல, கேட்பவர் ஒருவர் வேண்டும். இந்த ஆய்வு உறுதியாகக் காட்டுவது முதற்கூற்றை மட்டுமே. அதுவே பெரிய செய்திதான்.

6. உடல் மட்டும் எஞ்சிய இடம்

உடல்சார்ந்த அனைத்தும் இயல்பாகவே மனிதநேயமானவை என்று கருதுவோர் ஏர்வாடியை நினைவுகூர வேண்டும். 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவை அண்டிய தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். தர்காவுக்கு வந்தவர்களின் நம்பிக்கை அங்கே குற்றவாளி அன்று. உடலைக் கையாண்டவர்கள் அவ்வுடலுக்குரியவரின் சொல்லைக் கேட்கும் கடமை தமக்கு இல்லை என்று கொண்டதே குற்றம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடைசெய்தது. அச்சட்டத்தின் ஆழ்ந்த பொருள், சிகிச்சை பற்றி நோயாளர்க்குச் சொல் உண்டு என்பது.

மறுமுனையில், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையில் தொடக்கத்தில் குரல் மட்டுமே இருந்தது. குரல் அழைப்பில் அழைத்தவரின் உடலைத் துணையாளர் காண்பதில்லை. ஆனால் தொலைபேசியிலும் மூச்சு கேட்கும். பெருமூச்சு, விம்மல், நீண்ட இடைவெளி ஆகியவற்றைச் சொற்களுக்கு நிகராக மதிக்கத் துணையாளர்கள் பயிற்றப்படுகிறார்களா என்பது மொழியியலாளர் கேட்க வேண்டிய கேள்வி.

7. முடிவாக

தமிழில் ஒருவர் நினைவிழந்தால் ‘பேச்சுமூச்சு இல்லை’ என்கிறோம். உயிர்ப்பின் அடையாளமாக இவ்விரண்டையும் இணைத்தே வைத்திருக்கிறது வழக்கு. சிகிச்சை வரலாறு அவற்றைப் பிரித்தது. இப்போது சேர்க்க முயல்கிறது. சேர்க்கும்போது ஒரு பாகுபாடு நுழைந்துவிடும் அச்சம் எனக்குண்டு. 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பல்வேறு மனநோய்களில் சிகிச்சை கிட்டாதோர் 70 முதல் 92% வரை. ஆள் பற்றாக்குறை இவ்வளவு இருக்கும் நாட்டில், ஒரே நேரத்தில் நூறு பேருக்குக் கற்பிக்கத்தக்க மூச்சுப் பயிற்சி நிர்வாகத்துக்கு வசதியானது. ஒருவருக்கு ஒருவர் என அமரும் உரையாடல் செலவு மிக்கது. முகாமில் இருப்பவருக்கு மூச்சு, நகரத்துத் தனி அறையில் இருப்பவருக்குப் பேச்சும் மூச்சும் என்று பிரிந்தால், ‘இவர்கள் பேச மாட்டார்கள்’ என்ற பழைய கருத்து கொள்கை வடிவம் பெற்றுவிடும்.

ஆகவே உளவியல், சமூகப்பணி, மொழியியல் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலோர மீனவர் வழக்கு, மலையகத் தோட்ட வழக்கு, யாழ்ப்பாண வழக்கு, கேரளத்தில் வாழும் தமிழர் வழக்கு என ஒவ்வொன்றிலும் துன்பத்தைக் குறிக்கும் உடற்சொற்களைத் தொகுப்போம். யாரிடம் சொல்லும்போது அவை என்ன பொருள் தருகின்றன என்பதையும் சேர்த்தே குறிப்போம். மூச்சைக் கற்பிக்கப் போகும் துணையாளரின் கையில் அந்த அகராதி இருந்தால், பயிற்சி முடிந்து கண் திறந்தவர் சொல்லும் முதல் வாக்கியம் வீணாகாது.